பத்து மணிப் பதிவு

பங்குனித் திருவிழா முடிந்து ஒன்பது நாளாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. வடிவேலு குளியலறையில் முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து பாஞ்சாலி கத்துவது கேட்டது.

"சேரன்யா! வாய்யா சீக்கிரம், நம்ம சேரன்யா!"

கண்ணில் சோப்பு எரிய எரிய அவர் ஓடிவந்தார். டிவியில் மயிலாப்பூர் லோக்கல் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கும்போது ஏதோ ஒரு மெஸ்ஸின் விளம்பரம். வாழையிலையில் சாதம் விழுந்துகொண்டிருந்தது.

"எங்க?"

"போயிடுச்சு. அறுபத்துமூவர் அன்னிக்கு எடுத்தத மறுபடி போட்டுக்கினு இருந்தான். நீர்மோர் பந்தல்ல அண்டாவ தூக்கிக்கினு போறான்யா. நீலக் கட்டம் போட்ட சட்டை."

"மூஞ்சியப் பாத்தியா?"

பாஞ்சாலி ஒரு நொடி தயங்கினாள். "சைடுல பாத்தேன். கை ரெண்டும் அண்டால கீது. தலைய சாய்ச்சி தோள்ல வேர்வையத் தொடைச்சான் பாரு, அது யாரு தொடைப்பா அப்படி? நான் பெத்த புள்ளைய எனக்குத் தெரியாதா?"

சேரன் வீட்டை விட்டுப் போய் நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. போகும்போது அவனுக்கு இருபத்தொரு வயது. இன்ஜினியரிங் காலேஜுக்குப் போகிறேன் என்று தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன், ஒன்றரை வருடமாக அங்கே போகவே இல்லை என்பது ஒருநாள் தெரியவந்தது. வடிவேலு மாடிப்படியில் நிறுத்திவைத்துக் கேட்டார். கீழ் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்க்கும் அளவுக்குக் கேட்டார். கடைசியில், "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றார். மறுநாள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவன் ஒரு பையோடு போய்விட்டான். காவல் நிலையத்தில் புகார் இருந்தது. போட்டோ கொடுத்திருந்தார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.

அன்று மதியமே இருவரும் சேனல் அலுவலகத்துக்குப் போனார்கள். ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு நாற்காலியும் இருந்த அறையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "அதெல்லாம் தனியா எடுத்துக் குடுக்க ஆள் இல்லம்மா. கேப் வரும்போதெல்லாம் திருவிழாவத்தான் போடுவோம். மறுபடி ஓடும், பாத்துக்கங்க" என்றார். எப்போது ஓடும் என்று பாஞ்சாலி கேட்டாள். அது எங்களுக்கே தெரியாது என்றார் அவர்.

காவல் நிலையத்தில் எழுத்தர் பொறுமையாகத்தான் கேட்டார். "பாத்தேன்னு சொல்றீங்க, சரி. ஒரு போட்டோ, ஒரு வீடியோ எதுனா இருந்தா கொண்டாங்கம்மா. அத வெச்சி ஆள அனுப்பலாம்."

வீட்டுக்கு வந்ததும் பாஞ்சாலி டிவி முன்னால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுபடி ஓடினால் படம் எடுத்துவிடுவாளாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகாமல் இருந்தாள். அதற்கு மறுநாளும்.

அவள் சமையல் வேலை செய்தது ராஜா அண்ணாமலைபுரத்தில் சுந்தரராமன் என்பவரின் வீட்டில். மூன்றாம் நாள் அவரே போன் செய்து என்ன விஷயம் என்று கேட்டார்.

"இங்க பாரு பாஞ்சாலி, இருபத்துநாலு மணி நேரமும் நீ கண்கொட்டாம பாத்துண்டு இருக்க முடியுமா? எங்காத்துல ஒரு டியூனர் சும்மா கெடக்கு. கேபிள் வயரை அதுல சொருகினா வைஃபை வழியா ரெக்கார்டு பண்ணிண்டே இருக்கும். முக்காவாசி சேனல் லாக் ஆயிருக்கறதால எனக்கு உபயோகப்படல. உன் சேனலுக்கு லாக் இருக்கோ இல்லையோ தெரியாது. எடுத்துண்டு போய்ப் பாரேன்."

இப்படித்தான் அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கூடவே ஹார்ட் டிஸ்க் சேர்ந்த ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் இருந்தது. அதை மாட்டிக் கொடுக்க மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சிசிடிவி கேமரா கடை வைத்திருந்த ஜுவேரியா வந்தாள். முப்பது வயதுப் பெண். அந்த வட்டாரத்தில் பாதி அபார்ட்மெண்டுக்கு அவள்தான் கேமரா மாட்டியிருந்தாள். ஏணியைத் தானே தோளில் சுமந்துகொண்டு படியேறி வந்தாள்.

"வைஃபை கீதாக்கா?"

"கீது. புள்ள படிக்கறதுக்குப் போட்டது. அவன் வந்தா வேணுமேன்னு எடுக்கல."

ஜுவேரியா ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வேலையில் இறங்கினாள். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் கேபிள் வயரை ஜன்னல் பக்கத்தில் வெட்டி, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரைப் போட்டாள். ஒரு கிளை டிவிக்கு, இன்னொன்று டியூனருக்கு. டியூனரிலிருந்து ஒரு வயர் வைஃபை பெட்டிக்குப் போனது. பிறகு மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சேனல்களைத் தேடவிட்டாள்.

வடிவேலு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் லிஃப்ட் மெக்கானிக். மதியம்தான் வேலைக்குக் கிளம்புவார். வயர், கனெக்டர் எதுவும் அவருக்குப் புதிதில்லை. ஆனாலும் கிட்டே போகவில்லை.

"ஒண்ணும் வரலக்கா" என்றாள் ஜுவேரியா. "எல்லாம் லாக். செட்டாப் பாக்ஸ் இருந்தாத்தான் தொறக்கும். இதுல கார்டு போட வழி இல்ல."

பாஞ்சாலியின் முகம் மாறியது. "லோக்கல் சேனல் மட்டும் போதும்மா. வேற எதுவும் வேணாம்."

"அதுவும் தெரியல. சிக்னலும் கம்மியா கீது." அவள் கொஞ்ச நேரம் வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவேலுவுக்குத் தெரிந்தது. கனெக்டரில் செம்பு நரம்பு கறுத்துப்போயிருந்தது. கடற்காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் எதுவும் தாங்காது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பாஞ்சாலி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த முனைய வெட்டிட்டு வேற கனெக்டர் போடும்மா" என்றார்.

ஜுவேரியா வெட்டிப் புதிதாகப் போட்டாள். மறுபடி தேடியபோது ஏழு சேனல்கள் கிடைத்தன. ஆறாவது லோக்கல் சேனல். ஒரு நகைக்கடைத் திறப்பு விழா ஓடிக்கொண்டிருந்தது. பாஞ்சாலி இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"கேபிள்காரங்களோட சொந்த சேனல் ஆனதால லாக் போடல" என்றாள் ஜுவேரியா. "இனிமே ராப்பகலா எடுத்துக்கினே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஃபைல். பத்து நாள் இருக்கும், அப்பால பழசு தானா அழிஞ்சிடும். வேணும்ங்கறத ஸ்டார் போட்டு வெச்சிக்கங்க. போன்லயே பாக்கலாம், ஓட்டி ஓட்டிப் பாக்கலாம்." இரண்டு பேர் போனிலும் அதைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து பாஞ்சாலி வேலைக்குப் போனாள். ஆனால் பஸ்ஸிலும், சாதம் வேகும் நேரத்திலும், படுக்கையிலும் அவள் விரல் போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. நான்கு மடங்கு வேகத்தில் கல்யாண மண்டபத் திறப்புகள் ஓடின. கவுன்சிலர்கள் மாலை போட்டுக்கொண்டார்கள். பரதநாட்டிய அரங்கேற்றத்தில் குழந்தைகள் பூச்சி போலத் துள்ளினார்கள். திருவிழா வந்தால் மட்டும் வேகத்தைக் குறைப்பாள். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். தேர் வந்தது, பல்லக்குகள் வந்தன, நீர்மோர் பந்தல் வரவில்லை.

"எங்க போவான்? மயிலாப்பூர்ல தான் கீறான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "நடந்து போனா பத்து நிமிசம். என்னமோ ஒரு பயம் அவனுக்கு. உன்ன நெனச்சித்தான் வராம கீறான்."

வடிவேலுவை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான். எங்கோ வடக்கே இருக்கிறான், வர வழியில்லை, வேலை அப்படி என்று நான்கு வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நிமிட தூரத்தில் மோர் ஊற்றிக்கொண்டிருந்துவிட்டு, அம்மாவைப் பார்க்கக்கூட வராமல் திரும்பிப் போகிறான் என்றால், அந்த அளவுக்குத் தன்னை வெறுக்கிறான் என்று அர்த்தம்.

அவளிடம் சொல்லாத ஒன்றும் அவரிடம் இருந்தது.

சேரன் போன எட்டாம் மாதம், கடையின் மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறையில் அவர் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. "நைனா, அம்மா போன் போவல. அம்மா நல்லா கீறாங்களா?" பாஞ்சாலியின் போன் தண்ணீரில் விழுந்து அந்த வாரம் ரிப்பேரில் இருந்தது. குரல் கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் எட்டு மாதக் கோபம் முந்திக்கொண்டது. "யார்ரா நீ?" என்றார். அந்தப் பக்கம் இரண்டு மூச்சு கேட்டது. பின்னால் யாரோ தெலுங்கில் கூவினார்கள். போன் கட்டாகிவிட்டது. அவர் அந்த எண்ணை அழித்தார். இரவு வீடு திரும்பி, கதவைத் திறந்த பாஞ்சாலியின் முகத்தைப் பார்த்ததும்தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. மறுநாள் போன் கடைக்காரரிடம் போய், அழித்த எண்ணை எடுக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். முடியவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நாள் போகப் போக, சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

பெட்டி மாட்டிய பன்னிரண்டாம் நாள், ஒரு புதன்கிழமை. பாஞ்சாலி வேலைக்குப் போயிருந்தாள். பதினொன்றரை மணிக்கு வடிவேலு சும்மா போனை எடுத்து, காலையில் பதிவானவற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். பத்து மணிப் பதிவில், பாதிக்கு மேல், நீர்மோர் பந்தல் வந்தது.

நீலக் கட்டம் போட்ட சட்டை. இரண்டு கையாலும் ஒரு பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தான். தலையைச் சாய்த்து, காதையும் கன்னத்தையும் தோளில் ஒரு இழுப்பு இழுத்து வேர்வையைத் துடைத்தான். வடிவேலு போனைக் கண்ணருகே கொண்டுபோனார். கட்டிலில் உட்கார்ந்தார். சின்ன வயதில் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து வாசலில் நின்று இப்படித்தான் துடைப்பான். சட்டையெல்லாம் அழுக்காக்குறியே என்று இவரே தலையில் தட்டியிருக்கிறார்.

கேமரா நகரவில்லை. அவன் அண்டாவை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தான். யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், நேராகக் கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தான்.

சேரன் இல்லை.

வயது முப்பதுக்கு மேல் இருக்கும். அகலமான முகம், முன்பல்லில் ஒரு இடைவெளி. வேறு யாரோ.

வடிவேலு ஐந்தாறு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார். துக்கம் வரும் என்று நினைத்திருந்தார். வந்தது வேறு. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கினாற்போல் இருந்தது. என் பிள்ளை பத்து நிமிட தூரத்தில் இருந்துகொண்டு வராமல் இருக்கவில்லை. அந்த நிம்மதியே உடனே அவருக்கு அருவருப்பாகவும் இருந்தது. அவளுக்கு என்ன சொல்வது? நான்கு வருடத்தில் இந்தப் பன்னிரண்டு நாள்தான் அவள் முகத்தில் ரத்தம் இருந்தது. அதை இந்தச் சிரிக்கும் முகத்தைக் காட்டிப் பறிப்பதா? பழசு தானாக அழிந்துவிடும், கொஞ்ச நாளில் ஆசையும் தானாகத் தணியும் என்று நினைத்தார்.

பத்து மணிப் பதிவைத் தொட்டார். நீக்கவா என்று கேட்டது. ஆம் என்றார். அண்டாவின் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்த இரண்டு எழுத்துகள் மட்டும் ஏனோ கண்ணில் நின்றன. 'ஜெ.ல.'

அன்று சாயந்திரம் பஸ்ஸில் வரும்போதே பாஞ்சாலி கண்டுபிடித்துவிட்டாள். ஒன்பது மணி இருந்தது, பதினொன்று இருந்தது, பத்து மட்டும் இல்லை. பெட்டியில் கோளாறு என்று நினைத்து நேராக ஜுவேரியாவின் கடைக்குப் போய் அவளை அழைத்துக்கொண்டு வந்தாள். ஜுவேரியா லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள்.

"ரெக்கார்டு ஆகியிருக்குக்கா. யாரோ டெலீட் பண்ணியிருக்காங்க. பதினொண்ணே முக்காலுக்கு." சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. குரல் தணிந்தது.

வடிவேலு இரவு ஒன்பது மணிக்குத்தான் வேலையிலிருந்து வந்தார். இரண்டு பெண்களும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பத்து மணிய ஏன்யா அழிச்ச?" என்றாள் பாஞ்சாலி.

தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்ல முடியவில்லை. "அது அவன் இல்ல பாஞ்சாலி. வேற ஆளு. நான் முழு மூஞ்சியும் பாத்தேன்."

"அவன் இல்லேன்னா இன்னாத்துக்கு அழிச்ச?"

"நீ பாத்தா தாங்க மாட்டேன்னு..."

"நான் தாங்க மாட்டேனா?" அவள் எழுந்து நின்றாள். "நாலு வருசமா நான் இன்னாத்த தாங்கல? அவன் இல்லேன்னா என்கிட்ட காட்டியிருப்ப. தோ பாருடி, பைத்தியம் மாதிரி தேடினியே, இவன்தான்னு காட்டியிருப்ப. அவன்தான்யா அது. உன் புள்ள ரோட்ல மோர் ஊத்தறான்னு உனக்கு மானம் போச்சி. வூட்ட வுட்டும் நீதான் தொரத்துன, இப்போ இதுலேருந்தும் தொரத்திட்ட."

"சத்தியமா இல்ல."

"உன் சத்தியத்த நீயே வெச்சிக்கோ."

ஜுவேரியா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பிறகு, "அழிச்சத மீட்டு எடுக்க சாஃப்ட்வேர் கீதுக்கா. ஆனா மேல மேல எழுதிக்கினே இருக்கறதால முழுசா கெடைக்காது. முயற்சி பண்ணிப் பாக்கறேன்" என்றாள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப் போனாள்.

கிடைக்கட்டும் என்று வடிவேலு மனதார வேண்டிக்கொண்டார். ஒரு முகம் போதும், தான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துவிடும்.

இரண்டு நாள் கழித்து ஜுவேரியா வந்தாள். ஒரு மணி நேரப் பதிவில் துண்டு துண்டாகக் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. நீர்மோர் பந்தல் பதினோரு நொடி. நீலக் கட்டச் சட்டை, அண்டா, தலையைச் சாய்த்துத் தோளில் துடைப்பது. அண்டாவை இறக்கக் குனிகிறான், படம் கட்டம் கட்டமாக உடைகிறது, நின்றுவிடுகிறது.

பாஞ்சாலி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்தம் வராமல் அழுதாள். "பாத்தியாம்மா, பாத்தியா?" என்று ஜுவேரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வடிவேலுவின் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பதினோரு நொடியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனாள். எழுத்தர் பார்த்துவிட்டு, முகம் தெரியவில்லையே என்றார். முகத்தை வீட்டுக்காரர் அழித்துவிட்டார் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து வடிவேலுவிடம் பேசுவதை நிறுத்தினாள். தட்டில் சாதம் போட்டு மூடி வைப்பாள், அவ்வளவுதான்.

தான் சொல்லி இனி அவள் நம்பப்போவதில்லை. அந்த ஆளைக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று வடிவேலுவுக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் இருந்தது 'ஜெ.ல.' என்ற இரண்டு எழுத்துகள்தான். அண்டாவில் பெயிண்டால் எழுதுபவர்கள் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர்கள். காலை வேளைகளில் மயிலாப்பூரில் ஒவ்வொரு வாடகைப் பாத்திரக் கடையாகப் போய்ப் பார்த்தார். லஸ் பக்கத்தில் ஒன்று, குளத்துக்குப் பின்புறம் ஒன்று. மூன்றாம் நாள், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், கவிழ்த்து அடுக்கியிருந்த அண்டாக்களில் அந்தச் சிவப்பு எழுத்துகள் இருந்தன. உள்ளே அந்த ஆள் கரண்டிகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அறுபத்துமூவர் அன்னிக்கு நீர்மோர் பந்தல்ல இருந்தியா?"

"ஆமா சார். முதலாளி போடுற பந்தல். என்ன சார் விஷயம்?"

பெயர் செம்பியன். ஊர் அரியலூர்ப் பக்கம். வடிவேலு விஷயத்தைச் சொன்னபோது அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "நான் ஒண்ணும் பண்ணலையே சார்" என்றான் முதலில். பிறகு, "கூட்டிட்டு வாங்க. சனிக்கிழமை முழுக்க இங்கதான் இருப்பேன்" என்றான்.

வடிவேலு வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் நின்று சொன்னார். "அந்த ஆளக் கண்டுபுடிச்சிட்டேன். கச்சேரி ரோட்டாண்ட ஒரு பாத்திரக் கடையில கீறான். அது சேரன் இல்ல. ஆனா நீ உன் கண்ணால பாரு."

ஆறு நாளில் முதல் தடவையாக அவள் நிமிர்ந்து பார்த்தாள். 'சேரன் இல்ல' என்றது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டாள். வஞ்சிரம் வறுத்து, சாதத்தோடு டிபன் கேரியரில் கட்டினாள். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, மூடியை அழுத்திப் பிடித்தபடி வந்தாள். வடிவேலு இரண்டு தடவை வாயெடுத்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

சந்து முனையில் இறங்கி நடந்தார்கள். கடைக்கு வெளியே செம்பியன் ஒரு மினி லாரியில் அண்டா ஏற்றிக்கொண்டிருந்தான், முதுகு இவர்கள் பக்கம். வெயில் ஏறியிருந்தது. கை நிறையப் பாத்திரத்தோடு தலையைச் சாய்த்துத் தோளில் துடைத்தான்.

"சேரா!" என்றாள் பாஞ்சாலி.

அவன் திரும்பவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள். லாரியின் மேல் நின்றவர்தான் "செம்பியா, யாரோ வந்துருக்காங்க பாரு" என்றார். அவன் திரும்பினான்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். செம்பியன் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு அருகே வந்தான். எப்படி நிற்பது என்று தெரியாமல் நின்றான்.

"நான்தாம்மா அது" என்றான். "மன்னிச்சுக்குங்க."

"நீ எதுக்குப்பா மன்னிப்பு கேக்குற?" அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அம்மா கீறாங்களா?"

"இருக்காங்க. ஊர்ல."

"போன் பண்ணுவியா?"

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பண்ணுவேன்."

"பண்ணு" என்றாள். திரும்பி நடந்தாள். கேரியரை யாருக்கும் கொடுக்கவில்லை.

கச்சேரி ரோட்டில் ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்தாள். வடிவேலு பக்கத்தில் நின்றார். பஸ்கள் போயின. வெகுநேரம் கழித்துக் கேட்டாள், "அவன் இல்லேன்னு தெரிஞ்சப்போ உனக்கு எப்படி இருந்துச்சி?"

"நிம்மதியா இருந்துச்சி" என்றார். பொய் சொல்ல இனி தெம்பில்லை. "இவ்ளோ கிட்ட இருந்துக்கினு வராம இல்லையேன்னு."

அவள் தலையை ஆட்டினாள். "அத்த சொல்லியிருக்கலாம்ல? அழிக்கறது என்ன புத்தி?" பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். முப்பது வருடமாகப் பார்க்கும் முகம். "வேற இன்னாய்யா அழிச்சிருக்க?"

வடிவேலு படியில் உட்கார்ந்தார். மோட்டார் அறை, தெரியாத எண், 'நைனா', 'அம்மா நல்லா கீறாங்களா', 'யார்ரா நீ', எல்லாவற்றையும் சொன்னார். எண்ணை அழித்ததையும் சொன்னார். சொல்லும்போது ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். "என்னப் பத்தி கேட்டிருக்கான்" என்றாள். "என் புள்ள என்ன கேட்டிருக்கான்யா. மூணு வருசத்துக்கு மேல ஆச்சேய்யா, பாவி." அவர் தொடப்போன கையைத் தட்டிவிட்டாள். டிபன் கேரியர் படியிலிருந்து உருண்டு விழுந்தது. எடுக்கப் போனவரை, "தொடாத" என்றாள்.

அன்று அவள் அவரோடு வீட்டுக்கு வரவில்லை. பட்டினப்பாக்கத்தில் தங்கை ஜோதிலட்சுமி வீட்டுக்குப் போனாள். ஐந்து நாள் அங்கேயே இருந்தாள். வடிவேலு தனியாகக் காவல் நிலையத்துக்குப் போய், வந்த அழைப்பைப் பற்றி எழுதிக் கொடுத்தார். தேதி சரியாகத் தெரியவில்லை, பொங்கலுக்கு முந்தைய வாரம் என்று எழுதினார். எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு, "இத அப்பவே சொல்லியிருந்தா நம்பர எடுத்திருக்கலாமே. இவ்ளோ நாள் பழைய கால் ரெக்கார்டு கெடைக்கறது கஷ்டம் பெரியவரே" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

ஆறாம் நாள் காலை பாஞ்சாலி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு உள்ளேயே நின்றாள்.

"போன்ல பின்னாடி தெலுங்கு கேட்டுச்சின்னு சொன்னியே. இன்னா பேசிக்கினு இருந்தாங்க? யோசிச்சி சொல்லு."

வடிவேலு ஐந்து நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். "பஸ் ஸ்டாண்டு மாதிரி இருந்துச்சி. ஒருத்தன் ஆளக் கூவிக்கினு இருந்தான். நெல்லூரு, நெல்லூருன்னு. அங்கேருந்து பேசினானா, அங்க போற பஸ்ஸுக்கு நின்னானா, தெரியல."

"எனக்கு அந்த பாஷை ஒரு வார்த்த வராது. உனக்கு வரும்." அவரைப் பார்க்காமல் சொன்னாள். "உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. நாளைக்கு லீவு சொல்லு. காலைல வண்டி எத்தினி மணிக்குன்னு பாரு."

சேரனின் போட்டோவை ஜுவேரியாவின் கடையில் பெரிதாக இருபது பிரதி எடுத்தார்கள். ஜுவேரியா சேரனின் பெயரைக் கம்ப்யூட்டரில் தெலுங்கில் அடித்து, இரண்டு பேர் எண்ணையும் கீழே போட்டுக் கொடுத்தாள். வடிவேலுவின் எண்தான் முதலில் இருந்தது. பாஞ்சாலி அதைப் பார்த்துவிட்டு, "என் நம்பர மேல போடும்மா" என்றாள். ஜுவேரியா மாற்றி மறுபடி எடுத்தாள்.

மறுநாள் சென்ட்ரலில் ரயில் ஏறினார்கள். நெல்லூர் பஸ் நிலையத்தில் டீக்கடை, லாட்ஜ், லாரி ஷெட் என்று சாயந்திரம் வரை நடந்தார்கள். வடிவேலு தெலுங்கில் கேட்பார், பாஞ்சாலி போட்டோவை நீட்டிக்கொண்டு எதிராளியின் முகத்தைப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் "இன்னா சொல்றான்?" என்பாள். "தெரியாதாம்" என்பார். பதினான்கு போட்டோக்களைச் சுவரில் ஒட்டினார்கள். யாருக்கும் அவனைத் தெரிந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் ஒன்றுதான் கிடைத்தது. பாஞ்சாலி உட்கார்ந்தாள். கூடூர் தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர் இறங்கப் போனார். பாஞ்சாலி மிச்சமிருந்த போட்டோக்களை அந்த இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, கதவோரம் நின்றிருந்தவரை "யோவ்" என்று கூப்பிட்டாள்.

"அடுத்த சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு வேணாம்" என்றாள் அவர் உட்கார்ந்ததும். "மார்க்கெட் பக்கம் போவலாம்."